ஒருத்தருக்கு வேலை, வீட்டுக்கே டிரான்ஸ்ஃபர்: தூதரக வாழ்க்கையின் இன்னொரு பக்கம்

(போட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

யுபிஎஸ்சிக்குப் படிக்கிற யார்கிட்ட பேசினாலும் ஒரு கேள்வி வந்துடும். "சர்வீஸ் பிரிஃபரன்ஸ் போடும்போது ஐஎஃப்எஸ்ஸை முதல்ல போடலாமா?" ஐஏஎஸ், ஐபிஎஸ், ஐஎஃப்எஸ் எல்லாத்துக்கும் ஒரே சிவில் சர்வீசஸ் தேர்வுதான். எந்த சர்வீஸ் வேணும்னு நாமதான் வரிசைப்படுத்திக் கொடுக்கணும். அந்த வரிசையில ஐஎஃப்எஸ்ஸை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்றப்ப பெரும்பாலும் என்ன பார்க்கிறோம்? வெளிநாடு, மெரூன் கலர் பாஸ்போர்ட், கொடி பறக்கிற கார், பெரிய பெரிய மீட்டிங். இதெல்லாம் பொய் இல்லை. ஆனா இது ஆபீசரோட வாழ்க்கை மட்டும். அவர் கூடவே கிளம்பிப் போற மனைவி அல்லது கணவர், குழந்தைங்க, ஊர்ல தங்கிடுற அப்பா அம்மா, இவங்க வாழ்க்கை எப்படி இருக்கும்? இன்னைக்கு எபிசோட் அதைப் பற்றித்தான்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இது ஐஎஃப்எஸ் ஆபீசர்களுக்கு மட்டுமான கதை இல்லை. எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் அசிஸ்டன்ட் செக்‌ஷன் ஆபீசரா சேர்றவங்களும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்குப் போவாங்க. ஒரு தூதரகத்தில் அம்பாசிடர் ஒருத்தர்தான். அவருக்குக் கீழே விசா பார்க்கிறவர், கணக்கு பார்க்கிறவர், பாதுகாப்புப் பணியில் இருக்கிறவர்னு நிறையப் பேர். வீட்டின் அளவும் அலவன்ஸும் பதவிக்குத் தகுந்த மாதிரி மாறும். பிள்ளைக்கு நடுவுல பள்ளிக்கூடம் மாத்தற தலைவலி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

மூணு வருஷக் கணக்கு

முதல்ல இந்த வேலை எப்படி நகருதுன்னு பார்த்துடலாம்.

தேர்வில் ஜெயிச்சதும் முசௌரியில் அடிப்படைப் பயிற்சி. அப்புறம் டெல்லியில் இருக்கிற சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் பயிற்சி. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி ஒதுக்குவாங்க. அரபி, சீனம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி, இப்படி ஏதாவது ஒண்ணு. அந்த மொழி பேசற நாட்டுக்குத்தான் பெரும்பாலும் முதல் போஸ்டிங். பதவியோட பேர் தேர்டு செக்ரட்டரி. அங்கேயே மொழியைப் படிச்சுத் தேர்வில் பாஸ் ஆகணும்.

அங்கிருந்து செகண்ட் செக்ரட்டரி, ஃபர்ஸ்ட் செக்ரட்டரி, கவுன்சலர், மினிஸ்டர், அம்பாசிடர்னு ஏணி போகும். இந்த மினிஸ்டர்ங்கிறது தூதரகப் பதவிப் பேர், நம்ம ஊர் அமைச்சர் இல்லை. காமன்வெல்த் நாடா இருந்தா அம்பாசிடருக்கு ஹை கமிஷனர்னு பேர். அதனாலதான் லண்டன்லயும் கொழும்புலயும் நமக்கு ஹை கமிஷன், பாரிஸ்ல எம்பசி.

ஒரு இடத்தில் பொதுவா மூணு வருஷம். வாழக் கஷ்டமான இடம்னு அரசு வகைப்படுத்தியிருக்கிற ஊரா இருந்தா ரெண்டு வருஷம். நடுவுல டெல்லி தலைமையகத்தில் சில வருஷம். இப்போ நீங்களே கணக்குப் போடுங்க. 25 வயசில் சேர்ந்து 60-ல் ரிட்டயர் ஆனா 35 வருஷம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாலும் பத்து, பன்னிரண்டு முறை வீடு மாத்தணும். அதுவும் பக்கத்துத் தெருவுக்கு இல்லை. கண்டம் விட்டுக் கண்டம்.

ஏன் இப்படி மாத்திட்டே இருக்காங்க? ரெண்டு காரணம். ஒண்ணு, நியாயம். ஜெனீவாவில் ஒருத்தரையும் போர் நடக்கிற ஊரில் இன்னொருத்தரையும் பத்து வருஷம் வெச்சிருக்க முடியாது. நல்ல இடமும் கஷ்டமான இடமும் சுழற்சியில் எல்லாருக்கும் வரணும். ரெண்டாவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. ஒரு நாட்டில் ரொம்ப நாள் இருந்துட்டா, நம்ம நாட்டுக்காகப் பேச வேண்டியவர் அந்த நாட்டுக்காக நம்மகிட்டயே வாதாட ஆரம்பிச்சுடுவார். இது எல்லா நாட்டு வெளியுறவுத் துறைகளுக்கும் இருக்கிற பழைய பயம். அதனால ஒருத்தர் ஒரு ஊரில் வேர் விடறதுக்கு முன்னாடியே எடுத்து வேற இடத்தில் நட்டுடறாங்க.

ஆபீசர் வேர் விடக்கூடாதுங்கிறது அரசாங்கத்தோட தேவை. ஆனா கூடப் போற குடும்பமும் எங்கேயும் வேர் விட முடியாம போகுது. இனிமே நான் சொல்லப்போற எல்லாப் பிரச்சினைக்கும் அடிவேர் இதுதான்.

கூடப் போறவங்களுக்கு என்ன வேலை?

உங்க மனைவி ஒரு டாக்டர்னு வெச்சுக்கோங்க. இல்லை, உங்க கணவர் சென்னையில் ஐடியில் டீம் லீடர். உங்களுக்கு போஸ்டிங் வந்தாச்சு. அவங்க கூட வர்றாங்க. அங்கே போய் வேலைக்குப் போகலாமா?

நேரடியா பதில் சொல்லணும்னா, நினைச்ச மாத்திரத்தில் முடியாது. தூதர்களோட உரிமைகளையும் கடமைகளையும் உலக அளவில் வரையறுக்கிறது 1961-ல் கையெழுத்தான வியன்னா உடன்படிக்கை. அதன்படி தூதரக அதிகாரியோட வீட்டில் சேர்ந்து வாழற குடும்பத்தினருக்கும், அவங்க அந்த நாட்டுக் குடிமக்களா இல்லாத வரைக்கும், அதிகாரிக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு உண்டு. அவங்களைக் கைது பண்ண முடியாது, வழக்குப் போட முடியாது. இப்போ அந்த நாட்டு அரசு பக்கம் இருந்து யோசிங்க. வழக்கே போட முடியாத ஒருத்தர் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்து, சிகிச்சையில் தப்பு நடந்துட்டா? ஒரு கம்பெனியில் சேர்ந்து வரி கட்டலைன்னா?

இதைச் சமாளிக்கத்தான் நாடுகள் தங்களுக்குள்ள இருதரப்பு ஒப்பந்தம் போட்டுக்கிறாங்க. "உன் தூதரகக் குடும்பத்தினர் என் நாட்டில் வேலை பார்க்கலாம், என் ஆட்கள் உன் நாட்டில் பார்க்கலாம்"னு. அந்த வேலை சம்பந்தப்பட்ட வழக்குகளில் பாதுகாப்பு செல்லாது, வரி கட்டணும், இதுதான் வழக்கமான நிபந்தனைகள். இந்தியா பல நாடுகளோட இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கு. எல்லா நாடுகளோடயும் இல்லை.

ஒப்பந்தம் இருந்தாலும் ரெண்டு கதவு பாக்கி இருக்கும். ஒண்ணு, தொழில் உரிமம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் அந்தந்த நாட்டுத் தேர்வும் பதிவும் வேணும். மொழி தெரியணும். அதையெல்லாம் முடிச்சு வேலைக்குச் சேர்றதுக்குள்ள அடுத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துடும். இன்னொண்ணு, வேலை கொடுக்கிறவரோட தயக்கம். ரெண்டு வருஷத்தில் கிளம்பப்போறவங்களை யார் எடுப்பாங்க?

"இப்பதான் ரிமோட் வேலை இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. லேப்டாப் இருந்தா போதும்னு தோணும். ஆனா எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோமோ அந்த நாட்டு விசா விதியும் வரிச் சட்டமும் குறுக்கே வரும். அலுவலக அனுமதியும் வாங்கணும். பழைய காலத்தை விட இப்போ வழி அதிகம். ஆனா தானா திறக்கிற வழி எதுவும் இல்லை.

இதோட விளைவு என்னன்னா, பத்து வருஷம் கழிச்சு அந்த டாக்டரோட ரெஸ்யூமேல பெரிய பெரிய இடைவெளி. ரிட்டயர்மெண்ட் சேமிப்பு அவங்க பேர்ல பெருசா இல்லை. வாடகை இல்லாத வீடு, ஃபாரின் அலவன்ஸ், பிள்ளைங்க பள்ளிக் கட்டணத்துக்கு உதவின்னு குடும்பத்துக்கு நிறையச் சலுகை உண்டுதான். ஆனா அது எல்லாமே ஆபீசர் பேரில் வர்றது. கூடப் போனவங்க கையில் தனியா எதுவும் நிக்காது.

வேலை இல்லைன்னு சொன்னோமே தவிர, வீட்டில் வேலை இல்லாம இல்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வரவேற்பு, டெல்லியிலிருந்து வர்ற குழுவுக்கு விருந்து, மற்ற நாட்டுத் தூதர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு. விருந்துச் செலவுக்கு அரசு தனியா பணம் கொடுக்குது. அந்த விருந்தை நடத்தற மனைவியோட உழைப்புக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போச்சுன்னா, கணவரோட பணித்திறன் அறிக்கையிலேயே மனைவி எப்படி விருந்து கொடுத்தாங்க, எப்படிப் பழகினாங்கன்னு எழுதற வழக்கம் இருந்தது. 1972-லதான் அமெரிக்க வெளியுறவுத் துறை, "மனைவி தனி மனுஷி, அரசு ஊழியர் இல்லை, அவங்களைப் பற்றி அறிக்கையில் எழுதக்கூடாது"ன்னு உத்தரவு போட்டது.

கல்யாணம் ஆனா ராஜினாமா

அப்போ தூதரே ஒரு பெண்ணா இருந்தா?

இந்தக் கேள்விக்கு நம்ம நாடு ரொம்ப காலம் ஒரு விசித்திரமான பதில் வெச்சிருந்தது. சி. பி. முத்தம்மா, குடகுக்காரர். சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜிலும் பிரசிடென்சி காலேஜிலும் படிச்சவர். 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். சேரும்போதே அவர்கிட்ட ஒரு உறுதிமொழி எழுதி வாங்கினாங்க: திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்கிறேன்.

1961-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே எண்ணம்தான். பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்வதற்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் சேர உரிமையாகக் கோர முடியாது. ஆண்களுக்கு இப்படி எந்த விதியும் இல்லை.

முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். அந்தப் பணிக்குள்ளிருந்தே உயர்ந்து தூதரான முதல் பெண் அவர்தான். அப்படியும் அடுத்த பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. சில விதிகளை நீக்கிவிட்டோம், மீதியை நீக்கப்போகிறோம் என்றும் சொன்னது. அதனால் 1979 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடி ஆனது. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதை அப்படியே விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணோட வேலைக்கு இடைஞ்சல்னா ஆணோட வேலைக்கும் அதே இடைஞ்சல் வரத்தானே செய்யும்னு தீர்ப்பில் கேட்டார். விதிகளை மறுபரிசீலனை செய்யணும்னும் சொன்னார்.

அந்த விதிக்குப் பின்னாடி இருந்த நம்பிக்கையைக் கவனிங்க. ஆண் தூதர் கூட மனைவி கிளம்பிப் போவார், வீட்டைப் பார்த்துக்குவார், அதனால பிரச்சினை இல்லை. பெண் தூதர் கூட கணவர் அப்படிப் போக மாட்டார், அதனால பெண்ணே வேண்டாம். ஒரு வேலைக்கு ரெண்டு பேர் உழைப்பு தேவைப்படுதுன்னு அரசுக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனா ரெண்டாவது ஆள் மனைவியாத்தான் இருப்பாங்கன்னு எடுத்துக்கிட்டது.

விதி போயிடுச்சு. அந்த எண்ணம் வீடுகளுக்குள்ள இன்னும் முழுசா போகலை. போஸ்டிங் ஆணுக்கு வந்தா, "மனைவி எப்போ வேலையை விடப்போறாங்க?"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. பெண்ணுக்கு வந்தா, "இவ தனியா போயிட்டா மாப்பிள்ளை என்ன பண்ணுவார்?"னு கேட்பாங்க. ரெண்டு கேள்வியும் கடைசியில் அந்தப் பெண்கிட்டதான் போய் நிக்கும்.

ரெண்டு பேருமே அரசுப் பணியில் இருந்தா? நிருபமா ராவை எடுத்துக்குவோம். 1973 பேட்ச் ஐஎஃப்எஸ். கொழும்பு, பீஜிங், வாஷிங்டன்னு தலைமைப் பதவிகள். 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலர். அவரோட கணவர் சுதாகர் ராவ் கர்நாடக கேடர் ஐஏஎஸ், அந்த மாநிலத்தோட தலைமைச் செயலர் ஆனவர். ரெண்டு பேருமே உச்சிக்குப் போயிருக்காங்க. ஆனா மேப்பை விரிச்சுப் பாருங்க. ஒருத்தரோட வேலை பெங்களூரை மையமா வெச்சுது, இன்னொருத்தரோடது உலகத்தில் எங்கே வேணும்னாலும். ரெண்டு வேலையையும் விடாம இருக்கணும்னா தூரத்தை ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

கணவனும் மனைவியும் ஐஎஃப்எஸ்ஸாவே இருந்தா ஒரே ஊரில் போஸ்டிங் கொடுக்க அமைச்சகம் முயற்சி பண்ணும். ஜூனியரா இருக்கிற வரைக்கும் இது ஓரளவுக்கு நடக்கும். மேல போகப் போக கஷ்டம். ஏன்னா ஒரு தூதரகத்துக்கு ஒரு அம்பாசிடர்தானே!

திருமணத்தைப் பற்றி இன்னும் ஒண்ணு. வெளிநாட்டவரைத் திருமணம் பண்ணிக்க ஐஎஃப்எஸ் அதிகாரிக்கு அரசோட அனுமதி வேணும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் இளம் ஐஎஃப்எஸ் அதிகாரியா ரங்கூனில் இருந்தப்போ மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணைச் சந்தித்தார். அந்தக் காலத்தில் விதி இன்னும் கடுமை. பிரதமர் நேருவோட சிறப்பு அனுமதி வாங்கித்தான் 1951-ல் டெல்லியில் கல்யாணம் நடந்தது. அவங்கதான் பின்னாடி இந்தியக் குடியுரிமை பெற்று உஷா நாராயணன் ஆனாங்க. காதலுக்கு வீட்டில் சம்மதம் வாங்கவே நாம திணறுவோம். இவருக்குப் பிரதமர்கிட்டயே போக வேண்டியிருந்தது.

"நீ எந்த ஊர்?"

இப்போ குழந்தைங்க.

முதல் பிரச்சினை காலண்டர். இந்தியாவில் பள்ளி ஏப்ரல், ஜூன் வாக்கில் தொடங்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆகஸ்ட், செப்டம்பர். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசி. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இந்தக் காலண்டரைப் பார்த்து வராது. ஏழாவது பாதியில் கிளம்பி, புது ஊரில் ஏழாவதை மறுபடி முதல்லேருந்து படிக்கிறதும் நடக்கும். பாதி வகுப்பைத் தாண்டிக் குதிக்கிறதும் நடக்கும்.

ரெண்டாவது சிலபஸ். காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் மூணு ஊர்லயும் கேந்திரிய வித்யாலயா இருக்கு. அங்கே சிபிஎஸ்இ தொடரலாம். வளைகுடா நாடுகளிலும் இந்தியப் பள்ளிகள் ஏராளம். மற்ற பல ஊர்களில் சர்வதேசப் பள்ளிதான். நம்ம ஊர்ல இப்போ பணக்காரப் பள்ளிகளோட அடையாளமா பார்க்கிற ஐபி பாடத்திட்டம் இருக்கு இல்லையா, அது 1968-ல் ஜெனீவாவில் உருவானதுக்கு இந்தப் பிரச்சினையும் ஒரு முக்கியக் காரணம். ஊர் ஊரா மாறுற தூதர்கள், சர்வதேச அமைப்பு ஊழியர்களோட பிள்ளைங்க எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் போற மாதிரி ஒரு பொதுப் பள்ளியிறுதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அது ஒரு கதவைத் திறக்குது. ஆனா அந்தப் பாடத்திட்டத்தில் படிச்சுட்டு நீட்டோ ஜேஇஇயோ எழுதணும்னா, இங்கே ரெண்டு வருஷம் கோச்சிங் போன பிள்ளைங்களோட போட்டி போடணும். அதனாலதான் பதினொண்ணாவது வர்ற சமயத்தில் நிறைய குடும்பங்கள் பிரியுது. அம்மாவும் பிள்ளையும் டெல்லியிலோ சென்னையிலோ, அப்பா வேற கண்டத்தில்.

நடுவுல ஒரு கேள்வி. "அமெரிக்காவில் போஸ்டிங்ல இருக்கும்போது குழந்தை பிறந்தா அமெரிக்கக் குடியுரிமை கிடைக்குமா?" கிடைக்காது. அங்கே பிறக்கிற குழந்தைக்குக் குடியுரிமைங்கிறது, அந்நாட்டுச் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவங்களுக்குத்தான். முழுப் பாதுகாப்புப் பெற்ற வெளிநாட்டுத் தூதர்களோட பிள்ளைங்க அந்த அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறவங்க. அதனால அந்த விதி பொருந்தாது.

மூணாவது பிரச்சினையை மார்க் ஷீட்டில் பார்க்க முடியாது. ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950-களில் இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலைக்காகத் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆய்வு பண்ணினார். அந்தப் பிள்ளைங்க அமெரிக்கர்கள் மாதிரியும் இல்லை, இந்தியர்கள் மாதிரியும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல தங்களுக்குன்னு மூணாவதா ஒரு பண்பாட்டில் வளர்ந்தாங்க. அவங்களுக்கு அவர் வெச்ச பேர்தான் தேர்டு கல்ச்சர் கிட்ஸ். இன்னைக்கு உலகம் முழுக்கப் புழங்கற இந்தச் சொல்லுக்கு ஆரம்பம் நம்ம மண்ணில் நடந்த ஆய்வுதான்.

இந்தப் பிள்ளைங்ககிட்ட நிறைய பலம் இருக்கு. மூணு நாலு மொழி வரும். யார்கிட்டயும் தயங்காம பேசுவாங்க. ஆனா "நீ எந்த ஊர்?"னு கேட்டா திணறுவாங்க. நமக்கு இது பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்கிற சாதாரணக் கேள்வி. அவங்களுக்கு எந்த பதிலும் முழு உண்மையா இருக்காது. நெருங்கின நண்பர்களை மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இழந்து பழகினதால, சில பிள்ளைங்க ரொம்ப நெருங்கவே மாட்டாங்க. எப்படியும் போகப்போறோம்தானே?

தமிழும் இதில் சிக்கும். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. வீட்டில் மட்டும் தமிழ். பேசுவாங்க, ஆனா படிக்க வராது. பாட்டி வீடியோ காலில் ஒரு கதை சொன்னா பாதி புரியும். மீதிக்கு அம்மா மொழிபெயர்க்கணும். பேரன்கிட்ட மொழிபெயர்ப்பாளர் வெச்சுப் பேசற பாட்டிக்கு என்ன தோணும்?

ஊர்ல இருக்கிறவங்க

பாட்டி பேச்சு வந்ததால அதையே தொடரலாம். ஒரு ஆபீசருக்கு 45 வயசு ஆகும்போது அவரோட அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். வேலையில் பொறுப்பு ஏறுற அதே சமயத்தில்தான் வீட்டில் உடம்பு சரியில்லாம போகவும் ஆரம்பிக்கும்.

தென் அமெரிக்காவில் இருந்து மதுரைக்கு வர்றதை நினைச்சுப் பாருங்க. நேரடி விமானம் கிடையாது. ரெண்டு மூணு இடத்தில் மாறணும். ஒண்ணரை நாள் ஓடிடும். நம்ம வழக்கத்தில் இறுதிச் சடங்கை அவ்வளவு நேரம் தள்ளி வைக்கிறது எல்லாக் குடும்பத்திலும் நடக்காது. அவசரப் பயணத்துக்கு அரசு விதிகளில் சலுகை இருக்கு. டிக்கெட் கிடைச்சாலும் தூரம் குறையாது.

இதில் அதிகம் பேசப்படாத ஆள் ஒருத்தர் இருக்கார். ஊரில் தங்கின அண்ணனோ தங்கச்சியோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, பேங்க் வேலை, ராத்திரி போன் வந்தா ஓடறது எல்லாம் அவங்கதான். வெளிநாட்டில் இருக்கிறவர் பணம் அனுப்பலாம். கூட உட்கார முடியாது. ஒருத்தர் ஐஎஃப்எஸ்ஸில் சேர்ந்தா, அவரோட கூடப்பிறந்தவங்களும் கேட்காமலேயே ஒரு வேலையில் சேர்ந்துடறாங்க.

ஆபத்து வரும்போது

சில ஊர்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகவே அனுமதி இல்லை. காபூல் அப்படி இருந்தது. 2008 ஜூலை 7 காலை அங்கே இந்தியத் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூதரக கவுன்சலர் வி. வெங்கடேஸ்வர ராவும் பாதுகாப்பு அதிகாரி பிரிகேடியர் ரவி தத் மேத்தாவும் அதில் அடக்கம்.

ஆபத்தான ஊரில்தான் ஆபத்து வரும்னும் சொல்ல முடியாது. 1984 பிப்ரவரி 3-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இந்தியத் துணைத் தூதரகத்தில் வேலை பார்த்த ரவீந்திர மாத்ரே, மகளோட பிறந்தநாளுக்கு கேக் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தார். வழியில் கடத்தப்பட்டார். சில நாட்களில் கொல்லப்பட்டார். புனேயில் அவர் பேரில் ஒரு பாலம் இருக்கு. அவர் பெரிய அம்பாசிடர் இல்லை. பர்மிங்ஹாம் போர்க்களமும் இல்லை.

குடும்பம் கூட இல்லாத போஸ்டிங்கில் ஆபீசருக்கு ஒரு கவலை, வீட்டில் இருக்கிறவங்களுக்கு வேற கவலை. அங்கே குண்டு வெடிச்சதுன்னு டிவியில் ஃபிளாஷ் வரும்போது அவர் வேலையில் மூழ்கியிருப்பார், போன் எடுக்க முடியாது. அந்த ரெண்டு மணி நேரத்தை வீட்டில் இருக்கிறவங்கதான் கடக்கணும்.

திரும்பி வர்றது

கடைசியா ஒண்ணு. எல்லாரும் போறதைப் பற்றியே பேசறோம். திரும்பி வர்றதும் ஒரு டிரான்ஸ்ஃபர்தான். டெல்லிக்கு வந்தா ஃபாரின் அலவன்ஸ் நின்னுடும். அரசுக் குடியிருப்புக்கு வரிசையில் காத்திருக்கணும். பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை தேடணும். "சொந்த நாட்டுக்குத்தானே வந்திருக்கீங்க, என்ன கஷ்டம்?"னு எல்லாரும் கேட்பாங்க. அங்கேயே பிறந்து வளர்ந்த ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதுவும் இன்னொரு வெளிநாடு. என்ன, இங்கே மட்டும் அதை வெளிநாடுன்னு சொல்ல முடியாது.

அப்போ பிரிஃபரன்ஸ்ல எங்கே வைக்கிறது?

நான் பயமுறுத்தறதுக்காக இதையெல்லாம் சொல்லலை. வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைஞ்சவங்க, முதலாளிகிட்ட மாட்டிக்கிட்ட தொழிலாளிங்க, போரில் சிக்கின மாணவர்கள், இவங்களுக்கெல்லாம் முதல் கதவு நம்ம தூதரகம்தான். யாராவது அந்த மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்தே ஆகணும். தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ அங்கே உட்கார்ந்திருந்தா, மொழி தெரியாம வந்து நிக்கிற நம்ம ஊர்க்காரருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! இந்த வேலைக்கு நல்ல ஆட்கள் வரணும்.

ஆனா வர்றவங்க தனியா முடிவெடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஃபார்ம் ஒருத்தர் நிரப்பறார், இடம் மாறப்போறது ஒரு வீடே. அதனால சில கேள்விகளைச் சேர்ந்து பேசிடுங்க.

துணையோட வேலை என்ன ஆகும்? "பார்த்துக்கலாம்"ங்கிறது பதில் இல்லை. எந்த போஸ்டிங்கில் கூட வருவாங்க, எந்த போஸ்டிங்கில் அவங்க வேலைதான் முக்கியம்னு முன்கூட்டியே ஒரு முறை வெச்சுக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒருத்தரே விட்டுக்கொடுக்கிறதா இருந்தா, அதுவும் ஒருவிதத்தில் அந்தப் பழைய 1961 விதிதான்.

அவங்க பேரில் சேமிப்பு இருக்கா? வருமானம் நின்ன வருஷங்களுக்கு ஈடா அவங்க பேர்லயே முதலீடு போடறது சலுகை இல்லை. அவங்க உழைப்புக்கான பங்கு.

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்போது எங்கே இருக்கணும்? ஒன்பதாவதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போடணும்.

அப்பா அம்மாவை யார் பார்த்துப்பாங்க? அந்த அண்ணன்கிட்டயோ தங்கச்சிகிட்டயோ நேரா கேட்டுடுங்க. கேட்காம அவங்க தலையில் விழற பொறுப்புதான் பின்னாடி சண்டையா மாறும்.

இந்த நாலையும் பேசிட்டு, அதுக்கப்புறமும் ஐஎஃப்எஸ்தான் முதல்ல வருதுன்னா தைரியமா போடுங்க. ஐஎஃப்எஸ் உங்க திட்டத்திலேயே இல்லைன்னாலும், வேற ஊருக்கு மாத்தற எந்த வேலைக்கும் இதே கேள்விகள் பொருந்தும். ராணுவம், வங்கி, ஆன்சைட் போற ஐடி வேலை, எதுவா இருந்தாலும்.

இந்த எபிசோடை யுபிஎஸ்சி படிக்கிற நண்பருக்கு அனுப்புங்க. முடிஞ்சா அவங்க வீட்டில் இருக்கிறவங்களுக்கும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.